சாயம் ஏறாத கோடு

எட்டாவது வரை படித்த நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். காதில் விழுந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் பேருந்தில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா தன் கையால் தைத்துச் சாயம் பூசிய முதல் தோல் பையைக் கடையில் காட்டப் போகிறார் என்பது பேச்சில் தெரிந்தது.

"ஏனுங்க, இந்த ஆடு வேலி தாண்டியிருக்குதுங்க" என்றார் அந்த அம்மா, பையின் ஆட்டுத்தோலில் வெளிறித் தெரிந்த ஒரு கோட்டைக் காட்டி.

"சாயம் திட்டா உழுந்ததுக்கு ஆட்டு மேல பழி போடறயா? ஈரத்துணியில தொடச்சுட்டுப் பூசுன்னு சொன்னனே."

"தொடச்சுட்டுத்தானுங்க வட்ட வட்டமாப் பூசுனேன். சுத்தியும் ஒரே மாதிரி புடிச்சிருக்குது. இந்தக் கோட்டுல மட்டும் ஏறல. முள்ளு கீறுன தழும்புங்க."

"கடைக்காரரு திட்டுன்னுதான் சொல்லுவாரு. வேண்டாம்பாரு. ஊட்டுக்குத் திரும்பிப் போயி கருப்பு அடிச்சிரு புள்ள."

"உசுரோட இருக்கறப்ப பட்ட காயமுங்க. செத்து, தோலாகி, பதம் போட்ட பொறவும் போகல பாருங்க. அதை நான் எப்படீங்க மறைக்கறது?"

கணவர் அந்தக் கோட்டை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

மறுநாள் அதே பேருந்தில் அந்த அம்மா தனியாக ஏறினார். பையைக் கடையில் எடுத்துக்கொள்ளவில்லை என்று கண்டக்டரிடம் சொன்னார். கோடு அப்படியே தெரிய அதைத் தன் தோளில் மாட்டியிருந்தார். டிக்கெட்டை அதில் போட்டுக்கொண்டார்.