சம்பந்தி ஏசல், இரண்டாவது ரெக்கார்டு

“என் குரல்லயே என்னைத் திட்டுனா நான் எங்க போயி நிப்பேன், சொல்லு?” என்றாள் முன்சீட்டில் இருந்த அம்மாள்.

மகளுக்கு அம்மை ஊசி போடச் சின்ன காஞ்சிபுரத்தில் பஸ் ஏறியிருந்தேன். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்ற கவலையிலும், தவறென்று தெரிந்தே, ஒட்டுக்கேட்டேன்.

“உன் ரெக்கார்டைத்தானேக்கா எல்லாக் கல்யாணத்திலயும் வைக்கிறாங்க?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“அது என் பொண்ணு கல்யாணத்தப்போ பாடுனதுமா. மாப்பிள்ளையோட அம்மா பூசணிக்கா, பன்னெண்டு இட்லி துன்னுவான்னு ஏசல் பாட்டு. வர்ற தையில என் பையனுக்குக் கல்யாணம். இப்போ நான்தான் மாப்பிள்ளையோட அம்மா! பொண்ணு வீட்ல மைக்செட்காரன்கிட்ட அந்த ரெக்கார்டையே கேட்டுக்கினு இருக்காங்களாம்.”

“அதுக்குத்தான் ரெண்டாவது ரெக்கார்டா?”

“ஆமா. அடுத்த வாரம் மெட்ராஸ் போயி பாடிட்டு வரணும்.”

“பொண்ணோட அம்மாவை ஏசப் போறியாக்கா?”

“அவங்க பாவம், அவங்களா பாடுனாங்க? முதல் ரெக்கார்டுல பாடுனாளே, அவளைத்தான். தொண்டையும் கிடையாது, தாளமும் கிடையாதுன்னு ரெண்டு பக்கமும் கிழிக்கப் போறேன்.”

“அக்கா, அது நீதானே?”

“இருக்கட்டுமே. கல்யாணம் முடியிற வரைக்கும் அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.”