கவரின் ஒட்டு பிரியவில்லை

பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் வேலைக்குத் தாமதமாக வந்ததில்லை, ஐயா. காலடிப்பேட்டையிலிருந்து எண்ணூர்வரை சைக்கிள்தான். கம்ப்யூட்டர் அறைக்குள் யாராவது செருப்போடு நுழைந்தால் நான்தான் வெளியே அனுப்புவேன். விதி என்றால் விதி.

எங்கள் ஆலையின் குழிகளுக்குள் போகும் குழாய்களில் ஒரு விஷவாயு ஓடுகிறது. நிறமும் மணமும் கிடையாது. கசிந்தால் சைரன் ஊத வேண்டும். எந்த அளவில் ஊதுவது என்பதைச் சர்வரில் மாற்ற ஒரே பாஸ்வேர்டுதான். அது அட்மின் அன்புமணிக்கு மட்டும் தெரியும். அதன் நகல் ஒட்டிய கவருக்குள் மேனேஜர் பீரோவில் இருக்கும். வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று புதுக் கவர் ஒட்டி, ஒட்டின்மேல் கையெழுத்துப் போட்டு, சந்தனப் பொட்டும் வைப்பார்கள். ஒட்டு பிரியாதவரை எல்லாம் பத்திரம் என்பது அவர்கள் எண்ணம்.

அன்புமணி எனக்குப் பின்னால் சேர்ந்தவன். அட்மின் வேலை அவனுக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் உள்ளே வந்தால் போனில் குரலைத் தாழ்த்துவான். மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான். ஒரு நாள், "இன்னாண்ணா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றான். எதற்காகக் கேட்டான் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பிரிண்டர்களைக் கவனிக்க என் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் கருவி கொடுத்திருந்தார்கள். யார் இயக்கினாலும் அது அட்மினின் முழு அதிகாரத்தோடு ஓடும். அதற்குள்ளிருந்தே, ஃபைல்களைத் திருத்தும் எடிட்டரைத் திறக்கலாம். எடிட்டரிலிருந்து எந்தக் கட்டளையும் கொடுக்கலாம். அதற்கும் அதே அதிகாரம். பாஸ்வேர்டே வேண்டாம். தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். சொல்லியிருக்கலாம். யாரிடம், அன்புமணியிடமா?

மூன்று வாரம் அவன் மெயில்களைப் படித்தேன். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. இவ்வளவு கவனமாக மறைக்கிறான் என்றால் விஷயம் பெரிது என்று அப்போதுதான் உறுதியானது.

அதனால் சைரன் ஊதும் அளவை ஐம்பதிலிருந்து ஐயாயிரமாக்கினேன். சனிக்கிழமைதோறும் நடக்கும் சைரன் சோதனையில் தெரிந்துவிடும். கவரின் ஒட்டு பிரியாமல் இருக்கும். பழி அவன்மேல் விழும், வேலை போகும், அவ்வளவுதான்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில், நெட்டுக்குப்பத்து ஃபிட்டர் சாலமன் வறுத்த நெத்திலியை என் டப்பாவில் வைத்தான். "சைரன் கம்முனு கீதுன்னா காஸ் இல்லன்னு அர்த்தம் மாமு. அத்த நம்பித்தான் எறங்கறோம்," என்றான். நெத்திலி நன்றாக இருந்தது.

வியாழன் காலை அவன் குழியில் இறங்கும் அனுமதிச் சீட்டு பதிவுக்காக என் மேஜைக்கு வந்தது. அன்புமணி தலைமை அலுவலகம் போயிருந்தான். நான் அவன் மெயில் பார்க்கத்தான் அட்மினாக நுழைந்தேன். சாலமன் இருந்த குழியின் வாயு அளவு திரையில் ஏறிக்கொண்டிருந்தது. நூறு. எண்ணூறு. மூவாயிரம்.

சாலமனைப் பிணமாகத்தான் மேலே தூக்கினார்கள். பிறகு கவரைப் பார்த்தார்கள், ஒட்டு அப்படியே இருந்தது. அன்புமணி எட்டு மாதமாகச் சிறையில் இருக்கிறான். போன மாதம் அந்தக் கருவியில் ஓட்டை இருப்பதை அதைத் தயாரித்த கம்பெனியே அறிவித்தது. பிறகு நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள்.

போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒன்பது நிமிடம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சாலமனை நினைத்தால் இப்போதும் வருத்தம்தான். ஆனால் அந்தத் திரையைப் பார்க்க எனக்கு அனுமதி கிடையாது, ஐயா. அனுமதி இல்லாமல் பார்த்ததை நான் எப்படிப் போன் செய்து சொல்வது?