தையலுக்குள் ஒளிந்த கொம்பு

நகர ஆவணக் காப்பகத்தின் சரிபார்ப்புப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் எங்கள் அக்கா அவர்களின் திருமுன், உடன் பணிபுரிந்தோர் வாசித்தளிக்கும் மடல்.

புழுதிக்கும் பூச்சிக்கும் பொய்க்கும் இடங்கொடாமல் ஏடுகளைக் காத்தவரே! நினைவுகளை நிறுத்துப் பார்த்த நிறைமதியாளரே! மேலதிகாரியான இயக்குநரும் வாயிற்காவலரும் ஒரே குரலில் 'அக்கா' என்று அழைக்கும் அன்பின் உருவே!

மேற்கண்ட மூன்று வரிகளில் தங்கள் பென்சில் எந்த இடத்தில் நிற்கும் என்பது எங்களுக்குத் தெரியும். பூச்சி என்ற சொல்லில் நிற்கும். இரண்டாம் அலமாரியில் பூச்சி இருக்கிறது. சென்ற மாதம்கூட அதைத் தாங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். பாராட்டு மடலைப் போல் நம்பக்கூடாத நினைவுக்குறிப்பு உலகில் வேறில்லை. எழுதுபவர் கண் கலங்கியிருப்பார், புகழப்படுபவர் எதிரே உட்கார்ந்திருப்பார், மறுத்துப் பேச ஒருவரும் எழுந்து நிற்கமாட்டார். ஆகவே புகழுரையை இத்துடன் நிறுத்திக்கொண்டு, நடந்த ஒன்றைச் சொல்கிறோம். தங்களை ஏன் பிரிய முடியவில்லை என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

ஓய்வு பெற்ற பொறியாளர்களும் செவிலியரும் ரயில் ஓட்டுநர்களும் தங்கள் வாழ்க்கை நினைவுகளை எழுதி நம் காப்பகத்தில் ஒப்படைப்பது வழக்கம். ஒவ்வொருவரையும் எதிரே உட்காரவைத்து, வரிவரியாகத் தாங்கள் கேட்பது ஒரே கேள்வி: "இது நீங்க கண்டதா, கேட்டதா, நினைச்சதா?" அவர் சொல்லும் பதிலைத் தாளின் இடப்பக்க ஓரத்தில் பென்சிலால் குறிப்பீர்கள். கண்டது என்றால் 'க'. கேட்டது என்றால் 'கே'. நினைத்தது என்றால் 'நி'. எழுதியவர் ஒவ்வொரு தாளின் அடியிலும் சுருக்கொப்பம் இடுவார். இந்த வழக்கம் நாளடைவில் காப்பகத்துக் காபி வேளைக்கும் பரவிவிட்டது. நம் தட்டச்சர் தமக்கு வந்த வரனைப் பற்றி, "மாப்பிள்ளை ரொம்பப் பொறுமைசாலியாம்கா" என்று சொன்னபோது, "கண்டதா, கேட்டதா?" என்றீர்கள். "கேட்டதுதான்." "அப்போ அவரைக் கூட்டிட்டுப் போய் பஸ் ஸ்டாப்புல ஒரு மணி நேரம் நில்லு. அப்புறம் சரின்னு சொல்லு." நின்றார்கள். இன்று இருவரும் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

இனி வரும் பகுதியில் தங்களை 'அக்கா' என்றே குறிப்பிடுவோம். முகத்துக்கு நேரே தாங்கள், தாங்கள் என்று கதை சொன்னால் தங்களுக்குக் கூச்சம், வாசிப்பவருக்கு மூச்சிரைப்பு. தவிரவும், இதைப் பைண்டர் அண்ணன் பக்கம் நின்றுதான் சொல்ல முடியும். அவர் சம்மதித்த பிறகே எழுதுகிறோம்.

மூன்று மாதங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை முற்பகல். வாசிப்பறைக்குள் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கடையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருந்தார். மேசைமேல் ஒரு புத்தகத்தை வைத்தார். நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் வந்த வெள்ளத்தைப் பற்றி அணைப் பொறியாளர் எழுதிய நினைவுகள், இரண்டாம் பதிப்பு.

"இந்த வரியை எடுக்கணும்," என்று விரலை வைத்தார்.

வரி இது: 'மதகுக் காவலர் தம் அறையைப் பூட்டிக்கொண்டு ஓடிப்போயிருந்தார்.' கீழே சிறிய எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: 'ஆசிரியர் நேரில் கண்டது. — சரிபார்ப்புப் பிரிவு.'

"சரிபார்ப்புப் பிரிவுன்னா யாருங்க?"

"நான்தாம்மா," என்றார் அக்கா.

"காவலர் எங்கப்பா. வெள்ளம் வந்த அன்னைக்கே செத்துப்போனார். இப்போ அணைக்கரையில கல்லு வைக்கிறாங்க, வெள்ளத்துல வேலை பார்க்கும்போது செத்தவங்க பேரெல்லாம் வெட்டி. பதினோரு பேர். எங்கப்பா பேரைக் கேட்டா, நேர்ல பார்த்தவரே ஓடினார்னு எழுதியிருக்காரேம்மா, காப்பகம் வேற சரின்னு சொல்லியிருக்கேங்கறாங்க. வெள்ளிக்கிழமை பட்டியல் கல்தச்சர்கிட்ட போயிடும்."

"அப்பா உடம்பு கிடைச்சுதா?"

"மூணு நாள் கழிச்சு, ஆத்துல. ஓடினவர் ஏன் ஆத்துல கிடைக்கணும்னு எங்கம்மா சாகற வரைக்கும் கேட்டாங்க. ஓடும்போது வழுக்கியிருப்பார்னு ஊர்ல ஒரு பதில் தயாரா வச்சிருந்தாங்க."

அக்கா பெட்டக அறைக்குப் போய், பொறியாளரின் கையெழுத்து மூலத்தைத் தூக்கி வந்தார். தடித்த ஒரே தொகுதி. நூற்று எண்பத்தெட்டாம் தாளைத் திருப்பினார். அந்த வரியின் ஓரத்தில் அவருடைய பென்சிலால், தெளிவாக, 'க'. அடியில் பொறியாளரின் சுருக்கொப்பம்.

"கண்டதுன்னுதான் இருக்கும்மா."

அந்தப் பெண் வாதாடவில்லை. புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரிங்க," என்று போய்விட்டார். அந்த 'சரிங்க' அறைக்குள்ளேயே தங்கிவிட்டது.

கிழிந்த கோப்பு ஒன்றை வாங்கிப்போக வந்த பைண்டர் அண்ணன், தொகுதியை மூடாமல் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார்.

"அண்ணே, எனக்கு ஒண்ணு ஞாபகம் இருக்கு. இந்த வரி வந்தப்போ அவர் பேனா மூடியைத் திருகிக்கிட்டே இருந்தார். ரெண்டு தடவை கேட்டேன். அப்புறம்தான் பதில் சொன்னார்."

"என்னன்னு?"

"அதுதான் ஞாபகம் இல்ல. முப்பத்து நாலு வருஷம் ஆச்சு. அவரும் செத்துட்டார், புத்தகம் அச்சாகறதுக்கு முன்னாடியே. அடிக்குறிப்பு நான் எழுதினது இந்த வால்யூமைப் பார்த்துத்தான்." "ஞாபகத்தை நம்பாதே, தாளை நம்புன்னு ஊருக்கெல்லாம் சொன்னவ நான். இப்போ மாத்திச் சொல்ல முடியுமா?"

அண்ணன் தாளைப் பார்த்தார். நாமெல்லாம் எழுத்தைப் பார்ப்போம். பைண்டர் கண் தையலைத்தான் பார்க்கும். அந்த 'க' நூலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த தாளைத் திருப்பினார். அதற்கடுத்ததை. ஐம்பது, நூறு. க, நி, க, க, நி. ஐந்நூறு தாள் எழுதிய மனிதர், வாழ்நாளில் ஒன்றைக்கூடவா காதால் கேட்கவில்லை? தொகுதி முழுக்க ஒரு 'கே' கிடையாது.

'கே' என்ற எழுத்துக்கு இரட்டைக் கொம்பு இடப்பக்கம் நிற்கும். இடப்பக்கம்தான் தையல்.

அந்தத் தொகுதி அண்ணன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தைத்தது. ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே தள்ளி, எல்லாத் தாளையும் சேர்த்துத் துளைத்துப் போட்ட குத்துத் தையல். பார்வையாளர் யார் வந்தாலும் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்: "இழுத்துப் பாருங்க, அசையாது." அது அசையவே இல்லை என்பதுதான் இப்போது வினை. வாயை மூடிக்கொண்டு கோப்போடு கீழே போயிருக்கலாம். இந்தக் கட்டடத்தில் வேறு எவருக்கும் அது தோன்றியிருக்காது. போகவில்லை.

"அக்கா," என்றார், "கொம்பு என் தையலுக்குள்ள இருக்கும்னு நினைக்கிறேன்."

மூலத்தொகுதியின் தையலைப் பிரிக்க இயக்குநரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இயக்குநர் பேனாவை எடுத்தார், கீழே வைத்தார். (இதை எழுத அவரும் சம்மதித்தார்.) "அக்கா, மூணு மாசத்துல ஓய்வு. ரெண்டு பதிப்புல உங்க குறிப்பு நிக்குது. உங்க தப்பை நீங்களே தோண்டி எடுக்கணுமா? பிறகு வர்றவங்க பார்த்துக்கட்டுமே."

"நான் போன பிறகு தோண்டினா அது அவங்க கண்டுபிடிப்பு. இப்போ தோண்டினா அது என் திருத்தம். எனக்கு ரெண்டாவதுதான் வேணும். அதோட, வெள்ளிக்கிழமை வர்றது கல்லுக்குத்தான், எனக்கு இல்ல."

இயக்குநர் கையெழுத்திட்டார்.

வியாழன் பிற்பகல், பைண்டிங் அறை. காவலரின் மகளையும் வரச்சொல்லியிருந்தார்கள். அண்ணன் கத்தியை எடுத்தார். நூலருகே கொண்டுபோனவர், வைக்காமல் திரும்ப எடுத்தார். நூலுக்குக் கீழே தாள். கத்தி ஒரு மயிரிழை தவறினால் கொம்பும் போகும், காவலரும் போவார்.

"தள்ளுங்கண்ணா," என்றார் அந்தப் பெண். "பிரிக்கறது எனக்குத் தினப்படி வேலை. தச்சதைவிடப் பிரிச்சதுதான் ஜாஸ்தி."

பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, முதல் கண்ணியில் நுனியைக் கொடுத்தார். தன் தகப்பன் பெயரை மூடியிருந்த நூலை மகளே ஒவ்வொரு கண்ணியாக அறுத்து, ஒவ்வொரு நூலாக உருவி, மேசை ஓரத்தில் வரிசையாக வைத்தார். "நல்ல தையல்ணா," என்று நடுவில் ஒரு வார்த்தை சொன்னார். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நூற்று எண்பத்தெட்டாம் தாள் விரிந்தது. முப்பத்து நான்கு ஆண்டு வெளிச்சமே படாததால், நேற்றுப் போட்டதுபோல் கறுப்பாக இருந்தது. இரட்டைக் கொம்பு.

கே.

"அப்போ எங்கப்பா ஓடல," என்றார் அவர்.

வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்றிருப்பார்கள். நாங்களாக இருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்போம். அக்கா சொன்னார்: "அது தெரியலம்மா. ஓடினார்னு எழுதினவர் அதைப் பார்க்கல. இந்தத் தாள் அவ்வளவுதான் சொல்லுது."

அந்தப் பெண்ணின் முகம் வாடியது. அக்கா தாளைக் கீழே வைக்கவில்லை. விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே இறங்கி, நான்காவது வரியில் நின்றார். உரக்கப் படித்தார்: "'நான் மதகை அடைந்தபோது ஐந்து கதவுகளில் இரண்டு மேலேறி நின்றன.' இதுக்கு க. கொம்பு இல்ல, பிரிச்ச பிறகும் க-தான். 'இயற்கையின் கருணை என்றே சொல்லவேண்டும்.' இதுக்கு நி."

"கருணையா?" என்றார் மகள். "அந்தக் கதவு தானா ஏறாதுங்க. இரும்புக் கைப்பிடி மாட்டிச் சுத்தணும். ஒரு கதவுக்கு முந்நூறு சுத்து."

"கைப்பிடி எங்கே இருக்கும்?"

"அப்பா ரூம்ல. அதை எடுத்துட்டு, ரூமைப் பூட்டிட்டுத்தான் மதகு மேல..."

வாக்கியம் முடியவில்லை. முடிக்க வேண்டியும் இருக்கவில்லை. பூட்டிய அறை, ஏறிய இரண்டு கதவு. மூன்றாவதைச் சுற்றும்போது ஆறு வந்திருக்கிறது.

அப்போதும் அக்கா பென்சிலை எடுத்தார். "முந்நூறு சுத்துன்னு சொன்னியே கண்ணு, அது கண்டதா, கேட்டதா?"

"கண்டது. ஒன்பது வயசு எனக்கு. பக்கத்துல உட்கார்ந்து எண்ணுவேன். தப்பா எண்ணினா முதல்லேருந்து சுத்துவேன்னு அப்பா பயமுறுத்துவார்."

அக்கா தனித்தாளில் அதை எழுதி, ஓரத்தில் 'க' போட்டு, அவரிடம் சுருக்கொப்பம் வாங்கினார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு கதவு ஏறி நின்னது ரெண்டு பதிப்புலயும் அச்சாகியிருக்கு. அவர் சொன்னதை எல்லாரும் படிச்சோம். அவர் பார்த்ததை ஒருத்தரும் படிக்கல."

அன்று மாலையே, அணைக்கரையில் கல் வைக்கும் கமிட்டிக்குக் கடிதம் போனது. 'அடிக்குறிப்பு தவறு. தவறு என்னுடையது,' என்று தொடங்கியது. 'தைத்தவன் நான்' என்று தன் பெயரையும் சேர்க்கச் சொல்லி அண்ணன் மன்றாடினார். "நீங்க தச்சீங்க. நம்பினது நான்," என்று அக்கா மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை கல்தச்சரிடம் போன பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள்.

அக்கா அவர்களே! இனி மீண்டும் தாங்கள்.

நினைவுகளை நம்பலாமா என்று பார்வையாளர்கள் கேட்கும்போதெல்லாம் இனி நாங்கள் என்ன சொல்வது என்று தங்களிடமே ஒருநாள் கேட்டோம். தாங்கள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறோம்: "எழுதறவர் தன்னைப் பத்திச் சொல்றதைக் கொஞ்சம் தள்ளி வைங்க. அடுத்தவரைப் பத்திச் சொல்றதை இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்க. அவருக்கே அர்த்தம் தெரியாம எழுதி வச்சிட்டுப் போன ஒரு வரி எங்கேயாவது இருக்கும். அதைத் தேடுங்க. தாளும் தப்பு பண்ணும், ஞாபகமும் தப்பு பண்ணும். ரெண்டும் ஒரே இடத்துல தப்பு பண்றது அபூர்வம்." பொறியாளரை ஒருவரும் பொய்யர் என்று பேசக்கூடாது என்றும் கண்டித்தீர்கள். காதில் விழுந்ததைக் கேட்டது என்றே தங்களிடம் அவர் ஒப்புக்கொண்டவர் அல்லவா? பேனா மூடியைத் திருகிய அந்த நிமிடத்தில் அவர் தம்மையே எதிர்த்து உண்மை சொல்லியிருக்கிறார். அதை வெளியே எடுக்க நமக்குத்தான் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

முப்பத்தைந்து ஆண்டுகளில் தாங்கள் திருத்திய பிழைகள் ஆயிரம் இருக்கலாம். எங்களுக்குப் பாடமாக நிற்பது தங்களுடைய ஒரே பிழை. பெருமையைப் பிறர் பேச விட்டு, பிழையைத் தம் பெயரில் எழுதிக்கொண்ட பெருந்தகையை இனி எந்த மேசையில் பார்ப்போம்?

நாளை முதல் தங்கள் கண்களுக்கு மங்கலில்லாத பார்வையும், முழங்கால்களுக்கு மாடிப்படி இல்லாத நாட்களும், உறக்கத்துக்கு அலாரம் இல்லாத காலைகளும் வாய்க்கட்டும். எந்தப் புத்தகத்தையும் கையில் பென்சில் இல்லாமல், சாய்ந்து உட்கார்ந்து, ஏமாறுவதற்கென்றே படிக்கும் சுகம் நெடுங்காலம் நீடிக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அக்கா. அடிக்கடி வாருங்கள். சந்தேகம் கேட்க அல்ல, சும்மா.

இவண்,

இயக்குநர்
பைண்டர்
தட்டச்சர்
பட்டியலாளர்கள் இருவர்
பெட்டக அறைப் பொறுப்பாளர்
வாயிற்காவலர்

இவர்களுக்குக் கீழே இருக்கும் கையெழுத்து எங்கள் அலுவலகத்தவருடையது அன்று. மடலைச் சட்டமிடுவதற்கு முன் தானும் கையெழுத்திட வேண்டும் என்று ஒருவர் கேட்டார். எங்களைப் போலவே தொழிலைக் குறிப்பிட்டால் போதும் என்றோம். ஊரில் பெரிய தையல் கடை வைத்திருப்பவர். அதை எழுதுவார் என்றுதான் நினைத்தோம். பேனாவை வாங்கி, கொஞ்ச நேரம் யோசித்து, கொட்டை எழுத்தில் இப்படி எழுதினார்:

மதகுக் காவலரின் மகள்