பிள்ளைகளின் பின்னலைத் தளர்த்துங்கள்

நடு நாற்காலியில் நிதானமே உருவாய் அமர்ந்து, இந்த ஆண்டு விழாவின் தலைமையை ஏற்றிருக்கும் எங்கள் பள்ளித் தாளாளர், பெருமதிப்பிற்குரிய ஸ்ரீரங்கன் ஐயா அவர்களே! பந்தலுக்குக் கால் நட்டதிலிருந்து பாயாசத்துக்குப் பால் வாங்கியது வரை ஓடி ஓடி உழைத்திருக்கும் பெற்றோர் சங்கத் தலைவர் ஜெயவேலு அண்ணன் அவர்களே! இருபத்திரண்டு ஆண்டுகளாக என் கோபத்தையும் என் குரலையும் பொறுத்துக்கொண்ட ஆசிரியத் தோழியரே! பம்மலிலிருந்தும் அனகாபுத்தூரிலிருந்தும் பொழிச்சலூரிலிருந்தும் அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! எல்லோருக்கும் மேலாக, மடியில் ஒன்றும் கையில் ஒன்றுமாய்ப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் வீற்றிருக்கும் என் தாய்மார்களே! உங்கள் அத்தனை பேருக்கும் உடற்பயிற்சி ஆசிரியை லோகநாயகியின் வணக்கம்.

விசில் ஊதாமல் நான் பேசிக் கேட்பது உங்களில் பலருக்கு இதுதான் முதல் தடவை. சிரியுங்கள், சிரியுங்கள். இன்னும் சற்று நேரத்தில் சிரிக்க முடியாது.

எனக்கு முன்னால் பேசிய ஜெயவேலு அண்ணன் என்ன சொன்னார்? "நம்ம ஸ்கூல் பொண்ணுங்க வரிசையா நடந்து வந்தா, அத்தனை தலையும் ஒரே மாதிரி இருக்கும். அதுக்குக் காரணம் லோகநாயகி மிஸ்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். ஐயா எழுந்து வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அன்புக்கு நன்றி. ஆனால் அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றும் என் கன்னத்தில் விழுந்தது. ஏன் என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

நம் பள்ளி நாட்குறிப்பின் ஏழாம் பக்கத்தில் ஒரு விதி இருக்கிறது. மாணவியர் நேர்வகிடு எடுத்து, எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை இறுகப் பின்னி, மடித்து, வெள்ளை ரிப்பன் கட்டி வர வேண்டும். அந்த விதியை அரசாங்கம் எழுதவில்லை. தாளாளர் ஐயாவும் எழுதவில்லை. எழுதியது நான். 'இறுக' என்ற சொல்லைச் சேர்த்ததும் நான்தான்.

எழுதியதோடு விட்டேனா? தினமும் காலை எட்டேகாலுக்குக் கேட்டருகே நின்றேன். ஒரு கையில் வால்சீப்பு, ஒரு கையில் ரிப்பன் கட்டு. தளர்ந்த சடையோடு எந்தப் பெண் வந்தாலும் வராந்தாவுக்கு அழைத்துப் போய், சடையை அவிழ்த்து, சீப்பின் வாலால் வகிடு கிழித்து, புருவம் மேலேறும் வரை இழுத்துப் பின்னினேன். பிள்ளைகள் எனக்கு 'சீப்பு மிஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன், பெரியோர்களே. அது பயத்தில் வைத்த பெயர் என்று எனக்குப் புரியவில்லை.

சற்றுப் பொறுங்கள். விமானம் போகட்டும். பம்மலில் மைக் பிடித்தவர் யாராயிருந்தாலும் மீனம்பாக்கத்துக்கு வழிவிட்டுத்தான் பேச வேண்டும்.

ஆம். கடந்த ஜூன் மாதம் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி சேர்ந்தாள். பெயர் ஷாயிஸ்தா. அப்பா கலீல், இங்கே தோல்பை தைக்கும் பட்டறையில் தையல்காரர். அம்மா பரிதா. வகுப்பில் கேள்வி கேட்டு முடிக்குமுன் கையைத் தூக்கிவிடும் பிள்ளை. வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லுவாள். ஆனால் அவள் தலை மட்டும் என் கண்ணை உறுத்தியது. ஒற்றைச் சடை. கழுத்துக்குக் கீழே தளரத் தளரப் பின்னி, நுனியில் மெத்தென்ற துணிப்பட்டை. இறுக்கமில்லை, மடிப்பில்லை, வகிடும் கோணல்.

என் அகராதியில் அதற்கு ஒரே பொருள்தான். சோம்பேறி அம்மா. கேட்டருகே பிடித்தால் அழுதுகொண்டு ஓடிவிடுவாள்; அதனால் நாட்குறிப்பில் சிவப்பு மையில் மூன்று முறை எழுதி அனுப்பினேன். மூன்றாம் முறை பரிதா நேரில் வந்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"மிஸ், அவளுக்குத் தலைய தொட்டாலே வலிக்குது மிஸ். கைக்கொழந்தையிலேர்ந்தே அப்படித்தான். சீப்ப எடுத்தாலே அழுதுகினு ஓடிடுவா. லூசா பின்னுனா ஒண்ணும் இல்ல, சமத்தா குந்திக்கினு கீறா. இத மட்டும் விட்ருங்க மிஸ்."

அந்தத் தாய்க்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "எல்லாருக்கும் தலைதான் இருக்கு. உங்க பொண்ணுக்கு மட்டும் என்ன கண்ணாடியிலயா செஞ்சிருக்கு?" என்றேன். அலுவலகத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பரிதா சிரிக்கவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். ஒரு பிள்ளைக்குக் காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நம்புகிறோம். ஒரு பிள்ளைக்குத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நம்புகிறோம். தலை வலிக்கிறது என்றால் மட்டும் ஏன் நம்புவதில்லை? காலில் முள் குத்தினால் குனிந்து பார்க்கும் நாம், தலையில் வலி என்றால் ஏன் குட்டு வைக்கிறோம்? "அசையாம உக்காரு" என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்? ஒருமுறையாவது, "எங்கே வலிக்கிறது" என்று கேட்டிருப்போமா?

என்னம்மா, மூன்றாவது வரிசை? கேட்கிறது, கேட்கிறது. "நாங்க வளந்தப்போ எங்களுக்கும் இழுத்துத்தானே பின்னுனாங்க" என்கிறீர்கள். உண்மைதான் தாயே. எனக்கும் இழுத்துத்தான் பின்னினார்கள். எனக்கும் வலித்தது. வலித்ததை மறந்துவிட்டு, இழுத்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டேன். அதுதான் என் பிழை.

ஜனவரியில் விளையாட்டு விழா வந்தது. அணிவகுப்புக்கு நாற்பத்தெட்டுப் பெண்கள். வெள்ளைச் சீருடை, வெள்ளைக் காலணி, வெள்ளை ரிப்பன். முன்வரிசையில் ஷாயிஸ்தா. அன்றைக்கும் அதே தளர்ந்த ஒற்றைச் சடையோடு வந்து நின்றாள். சிறப்பு விருந்தினர் வருவதற்கு அரைமணி நேரம்தான் இருந்தது. அவளை வராந்தாவுக்கு இழுத்துப் போனேன். இருபுறமும் காதுக்கு மேலே தொடங்கி, ரப்பர் பேண்ட் போட்டு, என் பலத்தையெல்லாம் கூட்டிப் பின்னினேன். அவள் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "பாத்தீங்களா, எல்லாம் பழகிடும்" என்று பக்கத்தில் நின்ற ஆசிரியையிடம் சொன்னேன்.

வலி தாங்கமுடியாதபோது குழந்தை அழும். அழுதும் பயனில்லை என்று தெரிந்துவிட்டால் குழந்தை அழாது. இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளோடு இருந்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

நடந்தாள். இடது வலது தவறாமல் நடந்தாள். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணவில்லை. ஆயா ஜெனி அக்காதான் தேடிக் கண்டுபிடித்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்தச் சடையை அவிழ்க்க முடியாமல், முடியோடு சேர்த்துப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஜெனி அக்கா என்னிடம் வந்து கையை விரித்துக் காட்டினார். வெள்ளை ரிப்பன். அதில் சுற்றிய ரப்பர் பேண்ட். அதோடு வேரோடு வந்த ஒரு கொத்து முடி. வேரில் ரத்தம்.

"இது உங்க ரிப்பன்தானே மிஸ்?" என்று கேட்டார்.

என் ரிப்பன்தான், பெரியோர்களே. என் ரிப்பன்தான்.

மறுநாள் ஷாயிஸ்தா வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேனா? இல்லை. மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. விடுப்புக் கடிதம் ஏன் வரவில்லை என்று வகுப்பு ஆசிரியையை அதட்டிக்கொண்டிருந்தேன். குற்ற உணர்ச்சி வந்தால் மனிதருக்கு முதலில் வருவது கோபம் போலும். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அவர்கள் பம்மலிலேயே இல்லை என்று. பிள்ளை பள்ளிக்கூடம் என்றாலே உடம்பு நடுங்கி வாந்தி எடுத்திருக்கிறாள். தாம்பரத்தில் தோல் மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். சில குழந்தைகளுக்குத் தலைத்தோல் இயல்பிலேயே அப்படித்தான் இருக்கும், இழுத்துக் கட்டவே கூடாது, அம்மா பின்னியதுதான் சரி என்று அவர் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு பரிதா, படப்பையில் இருக்கும் தன் அக்கா வீட்டுப் பக்கம் குடிபோய்விட்டார். கலீல் பாய் தினமும் அங்கிருந்து பஸ் மாறி மாறிப் பட்டறைக்கு வந்து போகிறார். ஒரு சடைக்காக ஒரு குடும்பம் ஊர் மாறியிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படப்பைக்குப் போனேன். கதவைத் திறந்த பரிதா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். ஷாயிஸ்தா அவர் புடவைக்குப் பின்னால் போய் நின்றாள். காதுக்கு மேலே, விரல் அகலத்துக்கு முடியில்லாத இடம் தெரிந்தது. வளர்ந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாராம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். எட்டு வயதுப் பிள்ளையிடம் கை கூப்பிக் கேட்டேன். பிறகு ஒரு பைத்தியக்கார ஆசை. "நான் ஒரு தடவை வலிக்காம பின்னிவிடட்டுமா கண்ணு?" என்றேன்.

"அம்மா பின்னட்டும் மிஸ். நீங்க குந்திக்கினு பாருங்க" என்றாள்.

பார்த்தேன். பரிதா உடனே சீப்பை எடுக்கவில்லை, முதலில் விரல்தான். நுனியிலிருந்து சிக்கெடுத்து மெல்ல மெல்ல மேலே வந்தார். பெரிய பல் சீப்பு அதற்குப் பிறகுதான். ஈரத் தலை நன்றாகக் காய்ந்த பின்புதான் தொடுவாராம். வகிட்டை விரல் நுனியாலேயே பிரித்தார். பின்னலைக் காதருகே தொடங்காமல் கழுத்தருகே தொடங்கினார். பின்னலுக்கும் தலைக்கும் நடுவே தன் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தார். நுழைந்தால்தான் மேற்கொண்டு பின்னினார். முடிவில் ரப்பர் கிடையாது, பழைய பனியன் துணியில் கிழித்த பட்டை. பிள்ளை நடுவில் ஒருமுறை 'ஸ்' என்றாள். அந்தக் கை அங்கேயே நின்றது. அவள் தலையசைத்த பிறகுதான் மறுபடி நகர்ந்தது.

அவ்வளவுதான் வித்தை. பிள்ளை 'ஸ்' என்றால் நிறுத்துவது. இருபத்திரண்டு ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் 'ஸ்' கேட்டிருப்பேன்! ஒன்றுக்காவது நின்றேனா? சோம்பேறி என்று நினைத்து நான் சிவப்பு மையில் எழுதி அனுப்பிய அந்தத் தாய், ஒரு சடைக்கு முக்கால் மணி நேரம் செலவழிக்கிறார். ஐந்து நிமிடத்தில் இழுத்து முடித்த நான் ஒழுங்குக்காரியாம்!

புறப்படும்போது கேட்டேன், "நம்ம ஸ்கூலுக்கு வந்துடறியா?" என்று. அவள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அந்த ஸ்கூல் பெல்ல நெனச்சாலே தலை வலிக்குது மிஸ்" என்றாள்.

மன்னியுங்கள். கொஞ்சம் தண்ணீர்.

யாருக்காக அந்த நேர்வகிடு? யாருக்காக அந்த இறுக்கம்? யாருக்காக அந்த வெள்ளை ரிப்பன் வரிசை? கணக்குப் படிக்க அது உதவியதா? கவிதை சொல்ல அது உதவியதா? கண் குளிரப் பார்த்தது நாம், கண் கலங்கி நின்றது பிள்ளை. அழகு நமக்கு, அவதி அவளுக்கு. பாராட்டு எனக்கு, பள்ளிக்கூடமே இல்லாமல் போனது அவளுக்கு. ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தாய்மார்களே. சுத்தமாய் வாருங்கள், சீவி வாருங்கள், பின்னி வாருங்கள். பிள்ளை தாங்குகிற பின்னலாய்ப் பின்னி வாருங்கள். ஒற்றைச் சடையானால் என்ன, குட்டையாய்க் கத்தரித்திருந்தால்தான் என்ன? படிக்க வருவது பிள்ளை, சடை அல்ல.

தாளாளர் ஐயா அவர்களே, இந்த மேடையிலேயே மன்றாடிக் கேட்கிறேன். ஏழாம் பக்கத்து விதியை நீக்குங்கள். எழுதியவளே வந்து கேட்கிறேன். நீக்கினாலும் ஷாயிஸ்தா திரும்பி வரமாட்டாள், அது எனக்குத் தெரியும். அவளுக்கு இது காலம் கடந்த நீதி. இங்கே உட்கார்ந்திருக்கும் இத்தனை பிஞ்சுத் தலைகளுக்கு இன்னும் காலம் கடக்கவில்லை.

ஐயா தலையசைக்கிறார். "நாளைக்கே சுற்றறிக்கை" என்கிறார். நன்றி ஐயா. கைதட்ட வேண்டாம் தாய்மார்களே, எனக்கு இனிக் கைதட்ட வேண்டாம். அந்தக் கைகளுக்கு வேறு வேலை இருக்கிறது. விழாவுக்கென்று காலையிலேயே உங்கள் பிள்ளைகளுக்கு இறுகப் பின்னி அழைத்து வந்திருக்கிறீர்கள், நான் பார்ப்பேன் என்ற பயத்தில். இப்போதே, இங்கேயே, அந்த ரிப்பனை அவிழ்த்துவிடுங்கள். மெதுவாக. நுனியிலிருந்து. 'ஸ்' என்றால் நிறுத்துங்கள்.

ஆம், அப்படித்தான். அப்படித்தான்.

முன்வரிசையில் நீலச் சட்டை போட்ட குட்டிம்மா, ஏன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாய்? நான் உன் பக்கம் திரும்பியதாலா? பயப்படாதே தங்கம். நான் கீழே இறங்கி வரமாட்டேன். உன் தலையை இனி நான் தொடமாட்டேன்.

செவிசாய்த்த சான்றோருக்கும், பிள்ளையின் தலைமேல் மெல்லக் கை வைத்திருக்கும் ஒவ்வொரு தாய்க்கும் என் நன்றி. படப்பையில் இருக்கும் பரிதாவுக்கு, இங்கிருந்தே என் வணக்கம்.