“எல்லாரும்” என்ற சொல்லுக்குக் காவல் நின்றவருக்கு

எண்ணத்துக்கு இலக்கணமும் எண்ணுக்கு ஏற்றமும் தந்த ஏந்தலே, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் கணிதத் துறைத் தலைவரே, பேராசிரியர் சிவசுப்பிரமணியன் அவர்களே, வணக்கம்.

குற்றாலச் சாரல் சன்னல் வழியே வந்து கரும்பலகையை நனைக்கும் மாதங்களிலும், துடைத்துத் துடைத்து நீங்கள் தருக்கம் நடத்தினீர்கள். கூற்றுத் தருக்கத்தில் வாக்கியம் பூட்டிய பெட்டி என்றீர்கள். பெட்டிகளை ‘அல்லது’, ‘எனில்’ என்று சேர்த்துக் கட்டலாம், திறக்க முடியாது. ‘செங்கோட்டைப் பேருந்துகள் எல்லாம் தாமதம், இது செங்கோட்டைப் பேருந்து, ஆகவே இதுவும் தாமதம்.’ இதைக்கூடப் பூட்டிய பெட்டிகளால் நிறுவ முடியாது. பயனிலைத் தருக்கம் பெட்டியைத் திறந்தது. உள்ளே யார், அவருக்கு என்ன பண்பு, அது எல்லாருக்குமா, யாரோ ஒருவருக்கா என்று கேட்டது. ஒருவரைக் கண்டு எல்லாரையும் சொல்லாதே என்பதே முதல் பாடம்.

அந்தப் பாடத்தை நடத்திய கைதான், ஒழுங்குக் குழுத் தலைவராகச் சுற்றறிக்கையிலும் கையெழுத்திட்டது.

இரண்டாமாண்டு முஹ்ஸினா வகுப்பு நேரத்தில் ஐந்தருவியில் குளித்தாள். ஏன் போனாள் என்று நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. குளித்தாள், அவ்வளவுதான். மதிய இடைவேளையில் அருவிக்குப் போய்த் தலை துவட்டிக்கொண்டே திரும்பும் ஆண் ஆசிரியர்கள் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். ஆனால் நான்கு மணிக்கு மேல் மாணவிகள் எவரும் வளாகத்தில் இருக்கக் கூடாது என்று விதி வந்தது. கணினி ஆய்வகம் நம் துறைக்குக் கிடைப்பதோ நான்கு மணிக்கு மேல்தான்.

அன்று வகுப்பில் பாஹிமா எழுந்து கேட்டாள்: “ஒருத்தி குளிச்சா எங்க எல்லாருக்குமா சார் தலை நனையுது?” நீங்கள் அவளை உட்காரச் சொன்னீர்கள். துறை அறையில் நான் கேட்டதற்குச் சிரித்தீர்கள்: “ஏம்மா வேல்விழி, அது கிளாஸ், இது கமிட்டி. ரெண்டையும் போட்டுக் குழப்புதியே.”

நான் குழப்பவில்லை ஐயா. சுந்தரபாண்டியபுரத்தில் என் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வீட்டில் கணினி கிடையாது. இதே ஆய்வகத்தின் மாலைகளில்தான் படித்துத் தேறி, இன்று உங்கள் துறையில் ஆசிரியையாக நிற்கிறேன். இந்த விதி அன்று இருந்திருந்தால் இந்த மடலை வாசிக்க இங்கே நான் இல்லை. இன்றும் எதிரே பாருங்கள், பையன்கள் மட்டும் இருக்கிறார்கள். உங்களை வாழ்த்த வேண்டிய மாணவிகள் நான்கு மணிப் பேருந்தில் போய்விட்டார்கள்.

நீண்ட நாள் நலமோடு வாழுங்கள். காலையும் மாலையும் அருவியில் ஆசை தீரக் குளியுங்கள். உங்களைப் பார்த்து யாரும் விதி போடப் போவதில்லை. ஆனால் அலுவலகம் பூட்டும்வரை நீங்கள்தான் குழுத் தலைவர். விதியை நீக்கக் கேட்கும் மனு மேசையில் இருக்கிறது. துறையில் உங்களைத் தவிர மற்றவர்கள் கையெழுத்திட்டுவிட்டோம்.

இம்மடலின் முடிவில் ‘துறையினர் அனைவரும்’ என்று எழுதுவதுதான் வழக்கம். நீங்கள் கற்பித்தபடி, ஒருவர் குறைந்தாலும் அது பொய். ஆகவே,

இங்ஙனம்,
கணிதத் துறையினருள் சிலர்.