ஐம்பத்தாறாம் வருடத்தின் கடைசி அட்டை

பபிள்கம்மோடு வருமே, ஆட்டக்காரன் படம் போட்ட பேஸ்பால் அட்டை, அதில் நல்லது எது என்று என்னைக் கேட்டால், மூலை மழுங்கிய அட்டை என்றுதான் சொல்வேன். மூலை கூராக, வெள்ளை வெளேரென்று இருக்கிறதென்றால் அதை எந்தப் பிள்ளையும் தொடவில்லை என்று அர்த்தம். பிள்ளை தொடாத அட்டை எனக்கு எதற்கு? எவனாவது ஒரு பொடியன் அதைத் துணிக் கிளிப்பால் சைக்கிள் சக்கரக் கம்பியில் மாட்டி, தெரு முழுக்கப் படபடவென்று சத்தம் கிளப்பிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆட்டக்காரனுக்குப் பேனாவால் மீசை வரைந்திருக்க வேண்டும். கூடவே வந்த பபிள்கம் ஒட்டிப் பின்பக்கம் கறை பிடித்திருக்க வேண்டும். அப்படிப்பட்டது ஒரு காபி விலைக்குக் கிடைக்கும். அதைவிட மலிவாகச் சந்தோஷம் எங்கேயும் விற்பதாக எனக்குத் தெரியவில்லை.

லைல் ஹோஸ்டெட்டரைப் பற்றிக் கேட்டீர்கள், மேடம். அங்கேதான் வருகிறேன். அட்டையைப் பற்றிச் சொல்லாமல் லைலைப் பற்றிச் சொன்னால், இரண்டு கிழவர்கள் ஒரு காகிதத் துண்டுக்கு அடித்துக்கொண்டார்கள் என்று எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள். அந்த அட்டையின் விலையைக் கேட்டதும் உங்கள் பக்கத்தில் இருக்கும் தம்பி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். சிரிக்கட்டும். வக்கீல் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுத் தந்தாயிற்று. எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

இந்த மாவட்டத்துப் பள்ளிப் பேருந்துகளை எல்லாம் பழுது பார்த்தவன் நான். நீங்களே சின்ன வயதில் என் கை பட்ட வண்டியில் போயிருப்பீர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லைல் ஆற்றங்கரையில் இருந்த பீங்கான் ஆலையில் வேலை செய்தவன். ஒரு மாதா கோவில் மைதானத்துப் பழைய சாமான் சந்தையில், ஒரே செருப்புப் பெட்டியின் மேல் என் கையும் அவன் கையும் ஒன்றாக விழுந்தன. வேறு யாராக இருந்தாலும் முறைத்திருப்பார்கள். அவன் சிரித்தான். "நீ இந்தப் பக்கத்துல இருந்து பாரு, நான் அந்தப் பக்கத்துல இருந்து பாக்குறேன். நடுவுல வந்ததும் சண்டையை வெச்சுக்கலாம்" என்றான். நடுவில் வந்தபோது இருந்த அட்டையை எனக்கே கொடுத்துவிட்டான். அதற்கப்புறம் அவன் இல்லாத சனிக்கிழமை என்று எனக்கு ஒன்று இருந்ததில்லை.

நட்சத்திர ஆட்டக்காரர்களின் அட்டைகளை நாங்கள் சீண்டியதே கிடையாது. அதெல்லாம் பல் டாக்டர்கள் வாங்குவார்கள். வாங்கி, எங்கேயோ அனுப்பி, கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்து, தலையில் ஒரு மதிப்பெண்ணையும் ஒட்டி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். பிறகு விரல் படாது, வாசனை வராது. பிணத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று லைல் கேட்பான். நாங்கள் வாங்கியதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இல்லாத ஆட்களை. ஒரே ஒரு வருடம் ஆடிவிட்டு, தோள்பட்டை போய், ஊருக்குத் திரும்பிப் பால் வண்டி ஓட்டியவர்களை. அந்தக் காலத்து அட்டைகளில் பின்பக்கம் நாலு வரி இருக்கும். 'குளிர்காலத்தில் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறார்.' 'வான்கோழி வளர்க்கிறார்.' லைல் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பிரசங்கியார் குரலில் அதைப் படிப்பான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். சந்தையிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்ததும் எழுகிற அந்தப் பாச்சை உருண்டை வாசனையும் பழைய காகித வாசனையும் போதும், அந்த வாரத்துக்கு வேறொன்றும் வேண்டாம்.

எங்களைப் போல ஏழெட்டுப் பேர் சனிக்கிழமைதோறும் கோவிலின் கீழ்த்தளத்தில் கூடுவோம். வெர்ன் ஸ்டப்தான் தலைவன் மாதிரி. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் ஒரு வருடத்து அட்டைகளை எல்லாம் சேர்த்துக்கொண்டே வந்து, கடைசியாக ஒன்றுதான் பாக்கி என்ற நிலைக்கு வந்துவிட்டால், அந்த ஒன்றை அவன் காசு கொடுத்து வாங்கக் கூடாது. நண்பன் எவனாவது தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை எல்லாரும் எழுந்து நிற்க, ஆல்பத்தின் காலிப் பைக்குள் அதைச் செருக வேண்டும். பிறகு கேக் வெட்டுவோம். அட்டை கொடுத்தவனுக்கு முதல் துண்டு. உங்களுக்கு இது சின்னப் பிள்ளை விளையாட்டாகத் தெரியலாம். எங்களில் எவனும் இதை மீறியதில்லை.

லைலுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருடத்து வரிசையில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. ஆல் ட்ரெஸ்கோ என்ற மாற்று கேட்சர், பந்து பிடிக்கிறவன். கணினியைத் தட்டினால் மறுநாளே வீட்டு வாசலுக்கு வந்துவிடும். லைல் தட்டமாட்டான்.

அந்த ட்ரெஸ்கோ என்னிடம் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். மாவட்டப் பொருட்காட்சி மைதானத்துச் சந்தையில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கினோம். எந்தப் பிள்ளையோ அத்தனை அட்டைகளையும் சுவரில் குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறது. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஓர் ஓட்டை. லைல் ஹாட்டாக் வாங்கப் போயிருந்தபோது ட்ரெஸ்கோ என் கண்ணில் பட்டான். எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பிறந்தநாளைக்குக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். பிறந்தநாள் வந்தது, போனது. இன்னும் சில பிறந்தநாட்களும் போயின. சனிக்கிழமை காலையில் அவன் என் வாசலுக்கு வந்து, உள்ளே வராமலே, "ட்ரெஸ்கோ கிடைச்சானாடா?" என்பான். "இல்லடா" என்பேன். "சரி, கிளம்பு, தேடலாம்" என்பான். அதைக் கேட்பதற்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன். இதற்கு நீங்கள் ஏமாற்று என்று பேர் வைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்கமாட்டேன். தேட ஒன்று இருந்ததால்தான் அவன் மனைவி இறந்த வருடத்திலும் படுக்கையை விட்டு எழுந்தான்.

அவள் போனதிலிருந்து மகள் ஜோலீன் அரிசோனாவிலிருந்து போன் மேல் போன். அங்கே பனி கிடையாது, அறை தயாராக இருக்கிறது, பேரப் பிள்ளைகள் கேட்கிறார்கள். இத்தனை வருடம் பேசாமல் இருந்தவன் இந்த வசந்தத்தில் சரி என்று சொல்லிவிட்டான். வீட்டை விற்கிறான். அட்டைகள் மொத்தத்தையும் கொலம்பஸ் நகரத்திலிருந்து ஒரு வியாபாரி திங்கட்கிழமை வந்து அள்ளிக்கொண்டு போகிறான். அதையும் மீன் வறுவல் விருந்து வரிசையில் நின்றபடி, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, போகிறபோக்கில் சொன்னான். அந்த வியாபாரி நாலு நல்ல அட்டையைப் பிளாஸ்டிக்கில் அடைத்துவிட்டு மீதியைக் குப்பைக் கூடை மாதிரி ஒரு தொட்டியில் கொட்டி விற்பான் என்று அவனுக்கும் தெரியும். கேட்டேன். "அவன் என்ன பண்ணா எனக்கென்ன? அத்தனையையும் நான் தூக்கிக்கிட்டா போக முடியும்?" என்றான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு வேளைக்கு ட்ரெஸ்கோவை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். நிறைவான வரிசையைப் பிரித்து விற்க எவனுக்கும் மனசு வராது என்பது என் கணக்கு. வரிசை நிறைந்துவிட்டால் கொலம்பஸ்காரனைத் திருப்பி அனுப்பிவிடுவான், பிறகு அரிசோனாவையும் யோசிப்பான் என்று நினைத்தேன். நிலவறையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். கையில் கொடுத்தேன். விளிம்பை மட்டும் பிடித்து, திருப்பிப் பார்த்து, விளக்குக்கு நேராக உயர்த்தினான். ஓட்டை வழியாக வெளிச்சம் அவன் கன்னத்தில் விழுந்தது.

"இது அந்தப் பொருட்காட்சிப் பெட்டியில இருந்தது."

"ஆமாடா."

"அப்போ இத்தனை நாளா உங்கிட்டதான் இருந்திருக்கு."

"ஆமா."

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன், மேடம். கத்தியிருந்தால், கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவனோ சிரித்தான். என் தோளில் தட்டினான்.

"போனாப் போவுது விடு, நார்பர்ட். வெறும் அட்டைதானே. மேல வா, காபி போடறேன். ஜோலீன் கூப்பிடுற நேரம்."

ட்ரெஸ்கோவை எண்ணெய்க் கறை படிந்த மேஜை மேல், உறைகூடப் போடாமல், அப்படியே வைத்துவிட்டுப் படியை நோக்கி நடந்தான். வெறும் அட்டை. முப்பது வருடச் சனிக்கிழமைகளை அவன் அந்த இரண்டு வார்த்தையில் துடைத்துப் போட்டுவிட்டான்.

அந்தப் படிகள் செங்குத்தானவை, நீங்கள் பார்த்தீர்கள். விழுந்தான். இடுப்பும் பின்மண்டையும் சிமெண்டில் அடிபட்டன. ஆனால் நினைவு இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னான். அவன் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து எட்டாத இடத்தில், ஃப்ரீசர் பெட்டியின் மேல் வைத்தேன். முதலில் வரிசையை ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிடலாம் என்று சொன்னேன். என் கோட்டை மடித்து அவன் தலைக்கு அடியில் வைத்தேன். நான் ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஆல்பத்தை மடியில் வைத்து, முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். செருப்புக் கடைக்காரன் வந்தபோது லைலின் உதடு அசைந்தது. சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன். ஃப்ரீசர் மேல் போன் அவ்வப்போது அடித்து அடித்து ஓய்ந்தது. யாரும் எங்களை இழுக்காத, யாரும் போக வேண்டியிராத மத்தியானம் எங்களுக்கு அதற்குமுன் ஒன்றுகூட வாய்த்ததே இல்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. அவன் பேச்சு நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. எழுந்து, ட்ரெஸ்கோவுக்கு உறை போட்டு, காலிப் பைக்குள் செருகினேன். பக்கம் நிறைந்தது. அத்தனை அழகாக இருந்தது.

அதில்தான் மாட்டிக்கொண்டேன் என்கிறீர்கள். சரிதான். ஜோலீன் அப்பாவின் ஆல்பத்தைச் சவப்பெட்டி பக்கத்தில் வைத்தாள். வெர்ன் ஸ்டப் அழுதுகொண்டே கடைசிப் பக்கத்தைத் திறந்தான். அழுகை அப்படியே நின்றுவிட்டது. அவனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. லைல் தன் கையால் காசு கொடுத்து வாங்கமாட்டான், எங்கள் யாருக்கும் சொல்லாமல் செருகவும் மாட்டான். அப்படியானால் எவனோ நண்பன் கொடுத்திருக்கிறான், லைல் விழுந்தபோது அந்த நண்பன் கூட இருந்திருக்கிறான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெளியே போய் உங்களுக்குப் போன் செய்தான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போயிருந்தால் கால் வழுக்கிய கிழவன் என்று அடக்கம் செய்திருப்போமே, ஏன் இப்படி முட்டாள்தனம் பண்ணினீர்கள் என்று இந்தத் தம்பி கேட்கிறார். கையில் அட்டையை வைத்துக்கொண்டு, காலிப் பையை அப்படியே மூடிவைத்துவிட்டுப் போக என்னால் முடியாது, தம்பி. உங்களால் முடியுமென்றால் உங்களுக்கும் அது வெறும் அட்டைதான்.

வருந்துகிறேனா என்று கேட்டால், இல்லை. கொலம்பஸ்காரன் வெறுங்கையோடு திரும்பினான். வரிசை பிரியவில்லை. அப்பாவின் ஞாபகமாக அதைத் தானே வைத்துக்கொள்ளப்போவதாக ஜோலீன் சொல்லியிருக்கிறாள். அது அவளுடைய உரிமை. ஜெயிலில் போடுங்கள், போய் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கேயும் எனக்கு அந்த வரிசை முழுக்க மனப்பாடம்.

ஆனால் நீங்கள் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கும் இந்தத் தாளில் ஒரே ஒரு வார்த்தையைத் திருத்தினால்தான் கையெழுத்துப் போடுவேன். 'தள்ளினார்' என்று இருக்கிறது. நான் தள்ளவில்லை. அவன் மூன்றாவது படியில் இருந்தான், நான் கீழே நின்றேன். இரண்டு கையாலும் அவன் இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்து, என் பக்கம் இழுத்தேன். பலமாகத்தான் இழுத்தேன். விழுவான் என்றும் தெரியும். அதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவன் என்னை விட்டுப் போக ஆசைப்பட்டான் என்று மட்டும் எழுதாதீர்கள், மேடம். அந்த மத்தியானம் முழுக்க, குரல் இருந்த வரைக்கும், அவன் மகளைக் கூப்பிடவில்லை. என் பெயரைத்தான் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.