பக்கத்தில் நின்றவர்

படம் கலங்கிப்போவதற்குப் பெரும்பாலும் லென்ஸ் காரணம் இல்லை ஐயா, கைதான் காரணம். தூரத்தை இழுக்கும் ஜூம் லென்ஸில் இது இன்னும் மோசம். தூரத்தில் இருக்கும் ஆளைப் பெரிதாக்கும்போது நம் கை நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கிவிடும். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

அந்த ஒரு வருஷமும் வீட்டில் என் பெயர் 'மசமச மாப்ளே'. வைத்தவர் அக்காவின் கணவர். ஆலைத் தொழிலாளர் சங்கத்துத் தலைவர் என்றுதான் உங்களுக்கு அவரைத் தெரியும், எனக்கு மாமா. மொட்டை மாடியில் அக்காவை எடுத்த படத்தைக் காட்டினால் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார். "மாப்ளே, இதுல உங்கக்கா எது, தண்ணித் தொட்டி எது?" என்பார். வீடே சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள். நானும் சிரித்துவைப்பேன். ஆனால் அந்த லென்ஸை வாங்கக் கடை கடையாக என்னோடு ஏறி இறங்கியவரும் அவர்தான். நல்ல மனுஷர் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

மெள்ள மெள்ளக் கற்றுக்கொண்டேன். நானூறு மில்லிமீட்டர் வரை இழுத்தால் ஷட்டர் வேகம் நொடியில் நானூற்றில் ஒரு பங்கைவிடக் குறையவே கூடாது. ஜூமைக் கடைசிவரை இழுக்காமல் துளி முன்பே நிறுத்த வேண்டும். இடது கை லென்ஸுக்கு அடியில் இருக்க வேண்டும், மூச்சைப் பாதி விட்டு நிறுத்த வேண்டும். வெயில் ஏறிய தார்ரோட்டில் காற்றே நெளியும், அப்போது எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் தண்டம். அதனால் வெயில் தாழட்டும் என்று காத்திருப்பேன். நான் வேலை பார்க்கும் ஸ்டூடியோவின் மாடிச் சுவரில் ஒரு மணல் மூட்டையைப் போட்டு, அதன்மேல் லென்ஸைப் படுக்கவைத்துப் பழகினேன்.

அன்றும் அப்படித்தான் வெயில் தாழ்ந்த நேரம். தெருக்கோடியில் மாமா மருந்துக் கடையிலிருந்து வெளியே வந்தார். சங்கத்தோடு தகராறில் நிர்வாகம் ஆலையைப் பூட்டி இரண்டாவது மாதம் அது. மேனேஜரோடு தனியாகப் பேசுகிறவன் எவனானாலும் துரோகி என்று கூட்டத்தில் மாமாவே சொல்லியிருந்தார். அந்த மேனேஜர் வங்கியிலிருந்து இறங்கி மாமாவுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். ஃபோன் என் பக்கம் தெரியாத காதில் இருந்தது, வாய் பேசிக்கொண்டிருந்தது. இருவருக்கும் நடுவே இருபதடி இருக்கும். மாமா அவரைப் பார்க்கவேயில்லை. நான் பட்டனை அழுத்திப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் படங்கள் வரிசையாக விழும்.

இந்த லென்ஸுக்கு ஒரு குணம் உண்டு. தூரத்திலிருந்து எடுத்தால் முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒட்டி நிற்பதுபோலத் தெரியும். இருபதடி ஒரு சாண் ஆகிவிடும். படம் எடுக்கிற எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

ஒரு படம் அபாரமாக வந்திருந்தது. மாமாவின் மீசை நரையை எண்ணலாம். அவர் சிரித்துக்கொண்டிருக்க, மேனேஜர் அவர் காதில் ஏதோ ஓதுவதுபோல இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி என்னை மசமச என்று எவன் சொல்வான்? முதலில் மாமாவிடம்தான் காட்ட நினைத்தேன், நம்புங்கள். அதற்குள் பாஸ்போர்ட் படம் எடுக்க ஆலை ஃபிட்டர் ஒருவர் வந்துவிட்டார்.

"இது நம்ம தலைவரு இல்ல?" என்றார்.

"ஆமாண்ணே."

"பக்கத்துல மேனேஜரா?"

"படம் எப்படிண்ணே இருக்கு?" என்றேன்.

அவர் தன் ஃபோனை வெளியே எடுத்தார். "எனக்கு அனுப்பு தம்பி" என்றார். அனுப்பினேன். அந்த நிமிஷம் என் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

கண்ணால் காண்பதும் பொய் என்று பழமொழி படித்தவர்கள்தான் எல்லோரும். ஃபோனில் கண்டால் மட்டும் அது மெய்யாகிவிடுகிறது. விளக்கு வைப்பதற்குள் மாமா வீட்டு வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். "இதுல ஒட்டு வேலை ஏதாவது பண்ணியிருக்கியா?" என்று ஃபிட்டர் கேட்டார். "ஒரு புள்ளிகூட மாத்தலை" என்றேன். அது உண்மை.

மாமா படியில் நின்றபடி என்னைப் பார்த்தார். "மாப்ளே, நீதானே எடுத்தே. அவன் எவ்வளவு தூரத்துல இருந்தான்னு நீயே சொல்லுப்பா."

லென்ஸின் குணத்தைச் சொல்ல நாலு வார்த்தை போதும். சொன்னால், இவ்வளவு நல்ல படம் பொய்யாகிவிடும். அத்தனை பேர் என் படத்தைப் பற்றிப் பேசியது என் வாழ்நாளில் அன்றுதான். "படத்துல இருக்கிறதுதான் மாமா" என்றேன். கூட்டம் படியேறியது. யாரோ மாமாவின் சட்டையைப் பிடித்தார்கள், யாரோ தள்ளினார்கள். படியில் பின்மண்டை அடிபட விழுந்தார். நீங்கள் பிடித்துவைத்திருக்கும் நாலு பேரும் தள்ளியவர்கள்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மாமாவுக்கு மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் சங்கத்து ஆட்கள் கொஞ்சப் பேர், உள்ளே வரவும் மனமில்லாமல் போகவும் மனமில்லாமல் நின்றார்கள்.

"அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லடா. வேற படமே இல்லையா? இதுக்கு முன்னாடி, பின்னாடி, ஏதாவது ஒண்ணு? இவங்ககிட்ட காட்டிட்டாப் போதும்டா எனக்கு."

"இருந்துச்சுக்கா. கலங்கிப்போச்சு, அழிச்சிட்டேன்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். "விடுடா, நீ என்ன பண்ணுவே" என்று தலையைத் தடவினாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம்போல இருந்தது, ஆனாலும் வாய் திறக்கவில்லை. சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று, அப்புறம்தான் கழிப்பறைக்குப் போய், தோள்பையிலிருந்து கேமராவை எடுத்து அந்த வரிசையில் அடுத்து விழுந்திருந்த படத்தை அழித்தேன். விடிவதற்குள் மாமா போய்விட்டார். துரோகி வீட்டுச் சாவு என்று ஆலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. அக்கா இன்னும் வாசல் பக்கமே போவதில்லை.

அழித்த படத்தில் என்ன இருந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? சந்திலிருந்து ஒரு சரக்கு வண்டி இருவருக்கும் நடுவே முழுசாகப் புகுந்திருந்தது. வண்டிக்கு அந்தப்பக்கம் மேனேஜரின் தலை மட்டும் தெரிந்தது. இந்தப்பக்கம் மாமா. மாடியில் என்னைப் பார்த்துவிட்டிருக்கிறார். ஒரு கையில் மருந்துப் பொட்டலம், மறு கையை உயர்த்தி, வாய் நிறையச் சிரித்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அது கலங்கவே இல்லை ஐயா. நான் எடுத்ததிலேயே தெளிவான படம் அதுதான்.